காட்டுக்குக் கணக்கு எழுதிய ஜெர்மானியர்

தில்லியிலிருந்து ஊருக்குப் போகிற நம்மவர்களுக்கு ஜி.டி. எக்ஸ்பிரசும் தமிழ்நாடு எக்ஸ்பிரசும் சொந்த வீட்டுத் திண்ணை மாதிரி. போபால் தாண்டி, நர்மதைப் பாலத்தில் சில்லறைக் காசு எறிந்து, இட்டார்சியில் பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டு முடித்ததும் பெரும்பாலோர் மேல் பலகையில் ஏறிப் படுத்து விடுகிறோம். அதற்குப் பிறகுதான் வண்டி சாத்பூரா மலைக்குள் நுழைகிறது. சுரங்கங்களும் பாலங்களுமாகப் பேதுல் வரையில் செல்லும் அந்தப் பாதையோரத்தில் தேக்கங்காடு. மழைக்காலத்தில் முறம் முறமாக இலை விரித்து நிற்கும். சித்திரை வைகாசியில் ஓர் இலைகூட இல்லாமல் வெறும் கம்பாக நிற்கும்.

இந்தக் காடு இன்னும் மிஞ்சியிருப்பது எப்படி என்று வண்டியில் யாரும் கேட்பதில்லை. ரயில்வே குமாஸ்தாவான நானும் பல வருஷம் கேட்டதில்லை. ஆனால் கேட்டிருக்க வேண்டியவன் நான்தான். இந்த நாட்டில் காட்டை விருந்தாகச் சாப்பிட்டவர்களில் முதல் பந்தியில் உட்கார்ந்தது நம் ரயில்தான்.

இப்போது தண்டவாளத்துக்குக் கீழே சிமெண்ட் கட்டைகள் வந்துவிட்டன. பழைய மரக் கட்டைகள் ஏலத்தில் போய், ஸ்டேஷனுக்கு வெளியே டீக்கடைக்குப் பெஞ்சாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் ரயில் வந்த காலத்தில் எல்லாம் மரம்தான். ஒரு மைல் பாதைக்கு 1760 முதல் 2000 கட்டைகள் வரை வேண்டும். வெயிலிலும் மழையிலும் கிடந்து, கறையான் அரித்து, பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் கட்டை உளுத்துவிடும். மறுபடி புதுக் கட்டை போடவேண்டும். 1853-ல் பம்பாயிலிருந்து தாணாவுக்கு முதல் வண்டி ஓடியது. 1860-ல் நாட்டில் 1349 கிலோமீட்டர் பாதை இருந்தது. 1910-ல் அது 51,658 கிலோமீட்டர். இதற்கு எத்தனை மரம் என்று நீங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம். சென்னை ராஜதானியில் மட்டும் 1850-களிலேயே வருஷத்துக்கு 35,000 மரங்கள் கட்டைக்காக விழுந்தன. யமுனைப் பள்ளத்தாக்கின் தேவதாரு மரங்களிலிருந்து 1869-க்கும் 1885-க்கும் இடையில் 65 லட்சம் கட்டைகள் ஆற்றில் மிதந்து வந்தன. போதாததற்கு எஞ்சினுக்கு விறகு வேறு.

இந்தப் பசிக்கு நடுவில், எவ்வளவு வெட்டலாம், எவ்வளவு வெட்டக்கூடாது என்று முதல் முதலாகக் கணக்குப் போட்டு, அந்தக் கணக்கைச் சர்க்கார் தலையில் கட்டியவர் ஒரு ஜெர்மானியர். பெயர் டீட்ரிச் பிராண்டிஸ். இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைமை அதிகாரி அவர். அவர் செய்ததில் நல்லதும் உண்டு, இன்றுவரை ஆறாத புண்ணும் உண்டு. இரண்டையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

பேராசிரியர் வீட்டுப் பிள்ளை

பிராண்டிஸ் 1824 மார்ச் 31 அன்று ஜெர்மனியில் ரைன் நதிக்கரையிலுள்ள பான் நகரில் பிறந்தார். தகப்பனார் தத்துவப் பேராசிரியர். கிரேக்க தேசத்துக்குப் புது ராஜாவாக ஓட்டோ என்பவர் அமர்ந்திருந்த சமயம், பேராசிரியரை ஆலோசகராக அழைத்தார்கள். குடும்பம் முழுவதும் ஏதென்சுக்குப் போயிற்று. பிற்காலத்தில் பெரிய சரித்திர ஆசிரியராகப் பெயரெடுத்த எர்ன்ஸ்ட் குர்டியஸ் என்ற இளைஞர்தான் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு வாத்தியார். பழைய காலத்தில் காடாக இருந்து பிறகு மொட்டையாகிப்போன மலைகளை, பிராண்டிஸ் பதின்மூன்று பதினாலு வயசில் அங்கேதான் பார்த்தார்.

திரும்பி வந்து கோபன்ஹேகன், கோட்டிங்கன், பான் ஆகிய ஊர்களில் படித்து, 1849-ல் பான் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கும் வேலையில் அமர்ந்தார். அப்படியே இருந்திருந்தால் அவர் பெயர் நமக்குத் தெரிந்திருக்காது. வாழ்க்கையைத் திருப்பியது கல்யாணம்.

1854-ல் அவர் மணந்தது ரேச்சல் என்ற விதவையை. கல்கத்தாவுக்கு அருகே சிராம்பூரில் அச்சுக்கூடமும் பள்ளிக்கூடமும் நடத்திய பாதிரியார் ஜோஷுவா மார்ஷ்மனின் மகள் அவர். ரேச்சலின் தங்கை கணவர் ஹென்றி ஹாவ்லாக். 1857 கலகத்தில் பேர் வாங்கிய அதே ஆங்கிலத் தளபதி. அவர் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசியின் காதில் ஒரு வார்த்தை போட்டார். சிபாரிசு என்பது நம் காலத்து வியாதி என்று நினைக்கவேண்டாம். ஆனால் இந்த ஒரு சிபாரிசு தப்பான ஆளுக்குப் போகவில்லை.

பர்மாக் காட்டில் யானை மேல்

1852 யுத்தத்தில் வெள்ளைக்காரர்கள் பர்மாவின் பெகு மாகாணத்தைப் பிடித்தார்கள். தேக்குக்காகவே பிடித்தார்கள் என்றுகூடச் சொல்லலாம். கப்பல் கட்டத் தேக்குக்கு ஈடு கிடையாது. அதற்கு முன்னால் அவர்கள் கையில் வந்த டெனாசெரிம் பகுதியில் மவுல்மீன் வியாபாரிகள் முப்பது வருஷத்தில் தேக்கை வழித்துத் துடைத்துவிட்டிருந்தார்கள். பெகுவும் அந்தக் கதிக்குப் போகக்கூடாது என்று டல்ஹவுசி நினைத்தார். 1855-ல் தேக்கு சர்க்கார் சொத்து என்று உத்தரவு போட்டார். 1856 ஜனவரியில் பிராண்டிஸ் பெகு தேக்குக் காடுகளின் சூப்பரின்டென்டென்டாகப் பொறுப்பேற்றார். அதே 1856-ல் ஜூலை முதல் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு நம்முடைய முதல் ரயில் புறப்பட்டது. ஒருவர் எண்ணத் தொடங்கினார், இன்னொன்று தின்னத் தொடங்கிற்று.

காட்டில் எத்தனை தேக்கு மரம் இருக்கிறது? இது யாருக்கும் தெரியாது. தெரியாமலேதான் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு மரமாக எண்ண ஆள் கிடையாது, நாளும் கிடையாது. பிராண்டிஸ் ஒரு வழி கண்டார். காட்டின் குறுக்கே கோடு போட்ட மாதிரி யானை மேல் போவது. இரண்டு பக்கமும் பார்வைக்கு எட்டும் தேக்குகளை மட்டும் எண்ணுவது. அதை வைத்து முழுக் காட்டுக்கும் கணக்குப் போடுவது.

எண்ணியதை எழுதிக்கொள்வதிலும் தொல்லை. பர்மா மழையில் காகிதம் கூழாகிவிடும். மரத்தின் சுற்றளவுப்படி வகை பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் ஒரு மூங்கில் துண்டு வைத்துக்கொண்டார். இடது கையில் மூங்கில், வலது கையில் பேனாக் கத்தி. ஆறு அடிச் சுற்றளவுக்கு மேற்பட்ட மரம் கண்ணில் பட்டால் முதல் துண்டில் ஒரு வெட்டு. அதற்குச் சிறியது என்றால் அடுத்த துண்டில் ஒரு வெட்டு. இப்படியே சின்னக் கன்று வரையில். நம் ஊரில் பால்காரர் சுவரில் கரிக்கோடு போட்டுக் கணக்கு வைப்பாரே, அதே முறைதான். சாயங்காலம் கூடாரத்தில் உட்கார்ந்து வெட்டுகளை எண்ணிப் பதிவேட்டில் ஏற்றுவார். மலைக்காய்ச்சல் வந்து போகும், மறுபடி யானை ஏறுவார்.

இந்த வெட்டுகளிலிருந்து வந்த கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். இரண்டாவது வகை மரம் முதல் வகை மரமாகப் பெருக்க ஏறத்தாழ 24 வருஷம் பிடிக்கும் என்று அவர் கண்டார். அப்படியானால் முதல் வகையில் இப்போது நிற்கிற மரங்களில் வருஷத்துக்கு 24-ல் ஒரு பங்குதான் வெட்டலாம். அந்தப் பங்கை வெட்டி முடிக்கும்போது அடுத்த வகை பெருத்து அந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கும். அசல் கை வைக்கப்படாமல் இருக்கும், வட்டி மட்டும் வரும். மாதக் கடைசியில் சேட்டிடம் வட்டி கட்டுகிற நமக்கு இது சொல்லிப் புரியவேண்டியதில்லை. ஆனால் அதற்கு முன்னால் இந்த நாட்டுக் காடுகளில் இப்படி ஒரு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கோடரியை நிறுத்தியவர் யாரும் இல்லை.

பச்சைத் தேக்கு தண்ணீரில் மூழ்கிவிடும். அதனால் நின்றபடியே அடிமரத்தைச் சுற்றிப் பட்டையோடு வெட்டி, சாகவிட்டு, இரண்டு மூன்று வருஷம் காய்ந்த பிறகுதான் சாய்த்து ஆற்றில் மிதக்கவிடுவார்கள். எந்த மரத்துக்கு இந்த வளையம் போடுவது என்று முடிவு செய்யும் உரிமையைப் பிராண்டிஸ் வியாபாரிகள் கையிலிருந்து பிடுங்கித் துறையின் கையில் வைத்தார். ரங்கூனிலும் மவுல்மீனிலும் மர வியாபாரிகள் கொதித்தார்கள். மேலிடத்துக்கு மனுவுக்கு மேல் மனு போயிற்று. 1860-களின் தொடக்கத்தில் ஒரு கட்டத்தில் அவர்கள் ஜெயித்துச் சில காடுகள் தனியார் கைக்குத் திறக்கப்பட்டன. பிராண்டிஸ் ஆட்சேபித்துப் பார்த்தார். வெட்டு கணக்கை மீறியது. பிறகு சர்க்காரே விழித்துக்கொண்டது.

வெட்டினால் போதுமா, வளர்க்கவேண்டாமா? அங்கே மலைகளில் கரேன் மக்கள் காட்டை வெட்டி எரித்து, ஓரிரு வருஷம் நெல் விதைத்து, பிறகு வேறிடம் போவார்கள். அந்த விவசாயத்துக்கு டவுங்யா என்று பெயர். அதிகாரிகள் பலருக்கு அது கண்ணில் விழுந்த தூசி. பிராண்டிஸ் அதே மக்களைக் கூப்பிட்டு, நெல்லோடு வரிசையாகத் தேக்கும் போடச் சொன்னார். உயிரோடு நிற்கும் கன்றுகளுக்கு எண்ணிக்கைப்படி கூலி. நட்டதற்கு அல்ல, நிற்பதற்கு! இந்த முறை பிற்பாடு பல தேசங்களுக்குப் பரவியது. கரேன்காரர்களுக்கு என்ன மிஞ்சியது என்று கேட்டால் பதில் கசப்பாக இருக்கும். கூலி கிடைத்தது, ஆனால் தேக்கு எழுந்த நிலம் சர்க்கார் காடாகிவிட்டது. அவர்கள் திரும்பி வந்து நெல் விதைக்க அங்கே இடமில்லை.

இந்தியா முழுவதும் ஒரு துறை

1862-ல் பிராண்டிஸை இந்தியாவுக்குக் கூப்பிட்டார்கள். இங்கே முன்பே சில முயற்சிகள் நடந்திருந்தன. மலபார் கலெக்டர் கனோலி 1840-களில் நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போட ஏற்பாடு செய்தார். நாற்று முளைக்கவைத்து வேலையை நடத்தியவர் சாத்து மேனோன். சென்னை ராஜதானியின் முதல் வனப் பாதுகாவலர் ஹ்யூ கிளெகார்ன், சென்னையிலேயே பிறந்த ஸ்காட்லாந்துக்காரர். ரயில் காண்டிராக்டர்கள் மலைகளை மொட்டையடிப்பதை 1861-ல் வெளிவந்த தம் புத்தகத்தில் எழுதினவர். இவரும் பிராண்டிசும் சிறிது காலம் சேர்ந்து வேலை பார்த்தார்கள். 1864-ல் நாடு முழுமைக்கும் வனத்துறை ஏற்பட்டபோது அதன் முதல் இன்ஸ்பெக்டர் ஜெனரலாகப் பிராண்டிஸ் நியமிக்கப்பட்டார். 1883 வரை அவர்தான்.

ஆங்கில ராஜ்யத்தில் ஜெர்மானியருக்கு என்ன வேலை என்று முணுமுணுப்பு இருந்தது. விஷயம் லேசானது. காடு வளர்ப்பைப் பாடமாகச் சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடம் அன்றைக்கு இங்கிலாந்தில் ஒன்றுகூட இல்லை. அதனால் பிராண்டிஸ் தமக்கு உதவியாக ஷ்லிக், ரிபன்ட்ராப் என்ற இரண்டு ஜெர்மானியர்களை வரவழைத்தார். அவருக்குப் பிறகு அந்த நாற்காலியில் அடுத்தடுத்து உட்கார்ந்தவர்களும் இந்த இருவரே. இந்தியர்களையும் பயிற்றுவிக்க வேண்டுமென்று 1878-ல் டேராடூனில் வனப் பள்ளி தொடங்கியதும் பிராண்டிஸ் முயற்சிதான். கீழ்நிலை ரேஞ்சர் வேலைக்குத்தான் நம்மவர்களை எடுத்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ரிபன்ட்ராப் பெயர் சாங்கா மாங்கா காட்டோடு சேர்ந்தது. லாகூருக்குத் தெற்கே வறண்ட பூமியில் 1866-ல் கால்வாய்த் தண்ணீர் பாய்ச்சி ஈட்டி இனத்துச் சீஷம் மரங்களை நட்டு எழுப்பிய காடு அது. காரணம் பசுமை ஆசை அல்ல; ரயில் எஞ்சினுக்கு விறகு. நம் கடற்கரைச் சவுக்குத் தோப்புகளின் கதையும் அதுவே. 1860-களில் சென்னை ரயில் எஞ்சின்களின் அடுப்புக்காகத்தான் அந்த மரத்தைப் பெரிய அளவில் பயிரிட்டார்கள். சவுக்கு நிழலில் விளையாடி வளர்ந்த என்னைப் போன்ற கடலோரத்துப் பிள்ளைகளுக்கு இது தெரியாது.

அஜ்மீர் மலையும் போரிக் காடும்

நட்டு வளர்ப்பது ஒரு வழி. சும்மா விட்டுவிடுவது இன்னொரு வழி. பிராண்டிஸின் வேலையில் இன்றைக்கும் பேசப்படவேண்டியது இரண்டாவதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

1868-69-ல் ராஜபுதனத்தில் கொடிய பஞ்சம். மனிதர்களும் மாடுகளும் கூட்டங்கூட்டமாகச் செத்தார்கள். பிராண்டிஸ் அஜ்மீர்-மேர்வாரா மலைகளைச் சுற்றிப் பார்த்தார். மரமில்லை, புல்லில்லை, மழை பெய்தால் மண் அடித்துப் போகிறது, ஏரிகள் தூர்ந்துபோகின்றன. கன்று கொண்டுவந்து நட அங்கே தண்ணீர் கிடையாது. அவர் சொன்ன யோசனை எளியது. சில மலைகளை அடைத்துவிடுங்கள். ஆடும் கோடரியும் உள்ளே போகாமல் இருந்தால் வெட்டுப்பட்ட வேர்கள் தாமே துளிர்க்கும். 1874-ல் அதற்கு ஒரு சட்டம் வந்தது. அடைத்த மலைகளில் முதலில் புல் வந்தது, பிறகு புதர், பிறகு மரம். ஆனால் அந்த மலைகளில் ஆடு மேய்த்தே பிழைத்தவர்கள் அடைப்பை ஒப்புக்கொள்ள நாளாயிற்று. பசித்தவனிடம் பத்து வருஷம் பொறு என்று சொல்வது சுலபமில்லை.

இட்டார்சிக்குக் கிழக்கே பச்மடி மலையடியில் போரி என்ற காடு இருக்கிறது. 1857 கலகத்தில் பப்பூத் சிங் என்ற மலைத் தலைவர் வெள்ளைக்காரர்களை எதிர்த்துச் சண்டையிட்டார். அவர் தோற்ற பிறகு அந்தக் காடு சர்க்கார் கைக்கு வந்தது. 1865-ல் அதை ஒதுக்கப்பட்ட காடாக அறிவித்தார்கள். மத்திய மாகாணங்களின் வனப் பாதுகாவலர் கர்னல் பியர்சன் அங்கே கோடைத் தீயைத் தடுத்து நிறுத்திக் காட்டினார். பிராண்டிஸ் அதை மற்ற மாகாணங்களுக்கு முன்மாதிரியாக வைத்தார். தீக்கோடு வெட்டுவதும் காவல் ஆள் போடுவதும் நாடு முழுக்கப் பரவியது.

இங்கே ஒரு தப்பும் நடந்தது. தீ என்றாலே காட்டுக்குப் பகை என்று எல்லோரும் நம்பினார்கள். பர்மாவில் தீயை முழுக்கத் தடுத்த இடங்களில் மூங்கிலும் மற்ற மரங்களும் அடர்ந்து, தேக்குக் கன்று தலை எடுக்க வெளிச்சம் இல்லாமல் போயிற்று. பிஞ்சுப் பருவத்தில் லேசாக எரிவதில் தேக்குக்கு லாபமும் உண்டு. மலைவாசிகளுக்கு இது தெரிந்தே இருந்தது. துறை அதை ஒப்புக்கொண்டது இருபதாம் நூற்றாண்டு பிறந்த பிறகுதான்.

போரிக் காடு இன்று சாத்பூரா புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. கான்ஹாவிலிருந்து பாராசிங்கா மான்களைக் கொண்டுவந்து அங்கே விட்டிருக்கிறார்கள். பல கொம்புக் கிளை உள்ள, சதுப்புப் புல்வெளியில் வாழும் மான் அது. ஒரு காலத்தில் மத்தியப் பிரதேசத்தில் கான்ஹாவில் மட்டும் மிஞ்சிச் சில பத்துகளுக்குச் சுருங்கிப் போனது. அவை மேயும் புல்வெளிகளில் சில, காப்பகத்துக்குள்ளிருந்து வெளியே குடியமர்த்தப்பட்ட கிராமங்களின் பழைய வயல்கள். மான் திரும்பி வந்தது நல்ல சேதி. அந்த வயலில் உழுதவர் இன்று வெளியே புது ஊரில் இருக்கிறார். ஊரை விட்டு ஊர் வந்து பிழைக்கும் நமக்கு அவர் நிலை புரியாமல் போகாது.

யாருக்குச் சொந்தம்?

பிராண்டிஸ் வாழ்க்கையிலேயே பெரிய வழக்கு இதுதான். 1865-ல் ஒரு வனச்சட்டம் வந்தது. அது போதவில்லை என்று 1870-களில் புதுச் சட்டம் பேசினார்கள். பேடன்-பவல் என்ற அதிகாரி ஒரே போடாகப் போட்டார்: காடெல்லாம் சர்க்காருக்குச் சொந்தம், ஜனங்கள் விறகெடுத்ததும் மாடு மேய்த்ததும் ராஜா கண்டுங்காணாமல் விட்டதே தவிர உரிமை அல்ல என்பது அவர் வாதம். இதற்கு நேர் எதிராக நின்றது, சொன்னால் ஆச்சரியமாக இருக்கும், சென்னை ரெவின்யூ போர்டு. கிராமத்துக்காரர்களின் அனுபோகம் இல்லாத காடே எங்கள் ராஜதானியில் கிடையாது, அது உரிமைதான் என்று அவர்கள் அடித்துச் சொன்னார்கள்.

பிராண்டிஸ் நடுவில் நின்றார். முக்கியமான காடுகளைச் சர்க்கார் வைத்துக்கொள்ளட்டும். மற்றதைக் கிராமங்களிடமே கொடுத்து, அவர்களே பார்த்துக்கொள்ளும்படி கிராமக் காடுகள் ஏற்படுத்துங்கள் என்றார். ஜெர்மனியிலும் பிரான்சிலும் ஊர்களுக்குச் சொந்தக் காடு உண்டு. அதை அவர் பார்த்து வளர்ந்தவர். 1878-ல் சட்டம் வந்தபோது பேடன்-பவல் பக்கம்தான் ஓங்கியிருந்தது. கிராமக் காட்டுக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கினார்கள். ஒதுக்கினதோடு சரி, அந்த அத்தியாயத்தைப் பெரும்பாலும் யாரும் திறந்து பார்க்கவில்லை. தலைமுறை தலைமுறையாகக் காட்டில் தேனும் விறகும் எடுத்தவன் ஒரே நாளில் திருடன் ஆனான். அந்த அநியாயத்துக்குச் சட்டப்படி பரிகாரம் என்று 2006-ல்தான் வன உரிமைச் சட்டம் வந்தது. இதில் பிராண்டிசுக்குப் பங்கு இல்லை என்று சொல்லமுடியாது. துறையைக் கட்டியவர் அவர். அவர் கட்டிய துறைக்குள் அவர் விரும்பிய கதவு மட்டும் வைக்கப்படவில்லை.

சென்னை ராஜதானி அந்தச் சட்டத்தை ஏற்க மறுத்து முரண்டு பிடித்ததால், 1881 கடைசியில் பிராண்டிஸே சென்னைக்கு அனுப்பப்பட்டார். சமாதானம் பேசி, 1882-ல் சென்னைக்குத் தனி வனச்சட்டம் வந்தது. அந்தச் சமயத்தில் அவர் நம் மலைகளில் நிறையச் சுற்றினார். ஜவ்வாது மலை, ஏலகிரி, சேர்வராயன் மலை எல்லாம் போனார். அங்கே சாமிக்கு விட்ட சோலைகளைக் கண்டு நின்றுவிட்டார். சுற்றிலும் மொட்டை, சாமி சோலையில் மட்டும் கிழட்டு மரங்கள். கூர்க்கின் தேவரகாடு, காசி மலை, காரோ மலை என்று தாம் போன மாகாணத்தில் எல்லாம் இப்படிச் சோலைகளைக் கண்டதாகப் பிற்பாடு எழுதி வைத்தார். இந்த நாட்டு ஜனங்களுக்குக் காடு காக்கத் தெரியாது என்று சொன்ன சக அதிகாரிகளுக்கு அது அவருடைய பதில். நம் ஊர் அய்யனார் கோயில் தோப்பை வெட்டக்கூடாது என்று பாட்டி மிரட்டியதை நான் வெறும் பயமுறுத்தல் என்றுதான் நினைத்திருந்தேன்.

மழையும் மரமும்

காடு போனால் மழை குறையும் என்று அந்தக் காலத்தில் பலர் நம்பினார்கள். பிராண்டிசும் அதை மனதில் வைத்திருந்தார். ஆனால் நம்பிக்கையை நிரூபணமாகக் காட்டவில்லை. மழை அளவுகளை வாங்கிப் பார்த்தார். மழை கூடுகிறதோ இல்லையோ, பெய்த மழையைக் காடு பிடித்து வைத்து ஊற்றாக விடுகிறது என்பதில் மட்டும் அவருக்குச் சந்தேகமில்லை. அவர் கண்ணில் படாத இன்னொரு விஷயம் உண்டு. எஞ்சின் கரி எரிக்க எரிக்க ஆகாயத்தில் சேரும் கரியமில வாயு பூமியைச் சூடாக்கும் என்று 1896-ல் ஸ்வீடனில் அர்ரேனியஸ் என்ற விஞ்ஞானி கணக்குப் போட்டார். பிராண்டிஸ் அப்போது உயிரோடு இருந்தார். அந்த வாயுவை உள்ளே இழுத்து மரமாகவும் மண்ணாகவும் பூட்டி வைக்கும் பெட்டியைத்தான் தாம் நாற்பது வருஷமாக எண்ணிக்கொண்டிருந்தோம் என்பது அவருக்குத் தெரிய வழியில்லை.

இன்றைக்கு உலகமே அந்தப் பெட்டியை நிரப்பப் பார்க்கிறது. 2011-ல் பல நாடுகள் கூடி, அழிந்த காட்டையும் கெட்டுப்போன நிலத்தையும் மீட்பதென்று ஒரு சபதம் எடுத்தன. கூடிய ஊர் எது தெரியுமா? பிராண்டிஸ் பிறந்த அதே பான். அதற்குப் பான் சபதம் என்றே பெயர். இந்தியா 2015-ல் அதில் சேர்ந்தது. 2030-க்குள் 2.6 கோடி ஹெக்டேர் நிலத்தை மீட்பதாக 2019-ல் இலக்கை உயர்த்திச் சொன்னது. ஒரே மரத்தை வரிசையாக நட்டுவிட்டுக் காடு என்று கணக்கெழுதினால் அதில் மானும் தங்காது, பறவையும் தங்காது. வெட்டி விற்ற அன்றைக்குப் பூட்டின வாயுவும் வெளியே போகும். பல வகை மரம் தானாக முளைத்தெழுந்த காட்டில் இரண்டும் நீண்ட நாள் தங்கும். எத்தனை லட்சம் கன்று நட்டோம் என்று பத்திரிகைக்குச் செய்தி வருகிறது; அதை நானும் எழுதி அனுப்பியிருக்கிறேன். மூன்று வருஷம் கழித்து எத்தனை நிற்கிறது என்று எனக்கு இதுவரை ஒரு செய்தியும் வந்ததில்லை. கரேன்காரருக்கு நிற்கிற கன்றுக்குத்தான் கூலி என்றாரே, அந்த ரிஜிஸ்தரை யார் எடுத்துக்கொண்டு போனார்கள்?

கடைசி நாட்கள்

பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் அவர் எடுத்துப்போனது செடிகளின் உலர்ந்த கிளைகளும் குறிப்புகளும்தான். முதல் மனைவி ரேச்சல் 1863-லேயே காலமாகிவிட்டார். 1867-ல் காதரீனா என்ற பெண்ணை மணந்தார். அந்த அம்மாள் கணவரோடு மலைகளில் கூடாரம் கூடாரமாகச் சுற்றி, பூக்களைச் சாயத்தில் வரைந்தவர். 1875-ல் லண்டன் ராயல் சொசைட்டி பிராண்டிஸை உறுப்பினராக்கியது. 1887-ல் சர் பட்டம் வந்தது. பர்மாவில் வளரும் பெரிய மூங்கில் ஒன்றுக்கு அவர் பெயரை வைத்தார்கள். கூர்க்கில் தோட்ட ஓரங்களில் அதை இன்றும் வளர்க்கிறார்கள்.

பென்ஷன் வாங்கிக்கொண்டு பானுக்குத் திரும்பியவர் சும்மா இருக்கவில்லை. வனத்துறைக்குப் படிக்க வந்த இங்கிலாந்து மாணவர்களை வருஷா வருஷம் ஜெர்மன் காடுகளுக்கு நடத்திக் கூட்டிப்போனார். ஒரு நாள் கிஃபர்ட் பின்சோ என்ற அமெரிக்க இளைஞர் வந்து கதவைத் தட்டினார். அந்த நாட்டில் அப்போது வனத்துறை என்பதே உருவாகவில்லை. பிராண்டிஸ் அவருக்கு என்ன படிக்கவேண்டும், எங்கே படிக்கவேண்டும் என்று வழிகாட்டி, ஊர் போய்ச் சேர்ந்த பிறகும் கடிதம் கடிதமாக எழுதினார். 1905-ல் அமெரிக்க வனத்துறை ஏற்பட்டபோது அதன் முதல் தலைவர் அந்த இளைஞர்தான்.

எழுபது வயசுக்கு மேல் அவர் எடுத்துக்கொண்ட வேலை இந்திய மரங்களைப் பற்றிய ஒரே புத்தகம். லண்டன் கியூ தோட்டத்தில் வருஷக்கணக்காக உட்கார்ந்து, உலர்ந்த இலைகளை வெந்நீரில் ஊறவைத்துப் பிரித்துப் பார்த்து, மரம், புதர், கொடி, மூங்கில், பனை என்று நாலாயிரத்துக்கு மேற்பட்ட வகைகளை எழுதி முடித்தார். 'இந்தியன் ட்ரீஸ்' 1906-ல் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 82. காட்டில் நின்று கையில் ஒரு கிளையை வைத்துக்கொண்டு இது என்ன மரம் என்று கண்டுபிடிக்க, ரேஞ்சர்கள் வெகுகாலம் அந்தப் புத்தகத்தையே சுமந்து திரிந்தார்கள். புத்தகம் வெளிவந்த மறு வருஷம், 1907 மே மாதக் கடைசியில், பிறந்த ஊரிலேயே பிராண்டிஸ் காலமானார்.